பட்டம் பெற்றுப் பத்தாண்டு ஆகவேண்டும்: நெய்யாற்றின்கரையும் ஆலோசனை அவைகளும்

1904 அக்டோபர் 22 அன்று திருவனந்தபுரம் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் ஸ்ரீமூலம் பிரஜா சபை முதன்முறையாகக் கூடியது. திருவிதாங்கூரில் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளின் ஆட்சி. திவானாக இருந்தவர் வி. பி. மாதவராவ். தோவாளை முதல் பறவூர் வரை பரந்த சமஸ்தானத்தின் தாலுகாக்களிலிருந்து உறுப்பினர்கள் வந்து அமர்ந்தனர். அச்சபைக்குச் சட்டம் இயற்றும் உரிமை இல்லை. வரவுசெலவைத் தடுக்கும் உரிமையும் இல்லை. குடிகளின் தேவைகளையும் குறைகளையும் அரசின் முன் எடுத்துரைக்கலாம். அரசு அவற்றுக்கு விளக்கம் தரும். இன்றைய வழக்கில் சொல்வதானால் அது ஓர் ஆலோசனை அவை.

முதல் ஆண்டு உறுப்பினர்களை அலுவலர்களே தெரிவு செய்தனர். 1905 மே 1ஆம் நாள் வந்த விதிகளின்படி நூறு இடங்களில் 77 இடங்கள் தேர்தலுக்கு விடப்பட்டன. 23 இடங்கள் நியமனத்துக்கு ஒதுக்கப்பட்டன. வாக்குரிமை மூன்று வகையினருக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலக்கரம் செலுத்துவோர். 2000 ரூபாய்க்குக் குறையாத நிகர வருமானம் உடையோர். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள். மூன்றாம் வகையினருக்கு மட்டும் ஒரு கூடுதல் நிபந்தனை இருந்தது. தாலுகாவில் குடியிருந்தால் போதாது. பட்டம் பெற்றுப் பத்தாண்டு ஆகியிருக்கவேண்டும்.

21 வயதில் பட்டம் பெற்ற ஒருவர் வாக்களிக்கவே 31 வயது வரை காத்திருக்கவேண்டும் என்பது இதன் பொருள். நிலம் வைத்திருப்பவருக்கு இத்தகைய காத்திருப்பு இல்லை. கரம் செலுத்திய ரசீதே அவருக்குப் போதும். படிப்பை மட்டும் சொத்தாகக் கொண்ட இளைஞரைத்தான் அந்த விதி வாசலில் நிறுத்தியது. ‘அறிவு இருக்கலாம், முதிர்ச்சி வரட்டும்’ என்ற எண்ணம் அதற்குள் அடங்கியிருந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பஞ்சாயத்து அலுவலகம் முதல் தலைமைச் செயலகம் வரை ஆலோசனைக் குழு என்றவுடன் ஓய்வு பெற்றோரின் முகங்களே நினைவுக்கு வருவதற்கு இந்தப் பழைய எண்ணமும் ஒரு காரணம்.

ஆனால் அந்த விதிக்கு முன்னும் பின்னும் திருவிதாங்கூரில் நிகழ்ந்தவற்றைப் பார்த்தால், ஆலோசனை அவைகளுக்கு உயிர் கொடுத்தவர்களில் பலர் பொதுவாழ்வைத் தொடங்கியது முப்பதை ஒட்டிய வயதில்தான் என்பது தெரியும். அவர்களில் சிலர் இன்றைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் மண்ணோடு தொடர்புடையவர்கள்.

வாசலுக்கு வெளியே

பிரஜா சபைக்கு முன்பே திருவிதாங்கூரில் ஓர் அவை இருந்தது. 1888 மார்ச் 30 அன்று சட்டவாக்க மன்றம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய சமஸ்தானங்களில் இத்தகைய மன்றம் அமைந்தது அதுவே முதல் முறை. உறுப்பினர் எட்டுப் பேர். அவர்களில் அறுவர் அரசு அலுவலர். திவானின் அறையிலேயே அதன் முதற்கூட்டம் நடந்துவிட்டது. வெளியே இருந்தோருக்கு அங்கே இடமில்லை. ஆகவே அவர்கள் மனு எழுதினார்கள்.

1891 ஜனவரி 1ஆம் நாளிட்ட மலையாளி மெமோரியலில் 10,028 பேர் கையெழுத்திட்டனர். சமஸ்தானத்தின் உயர்பதவிகள் வெளியிலிருந்து வந்தோருக்கே, பெரும்பாலும் தமிழ்ப் பிராமணருக்கே, போகின்றன என்பது அதன் முறையீடு. தமிழர் இதனைப் படிக்கையில் சற்றே சங்கடம் எழலாம். ஆனால் அந்த முறையீட்டில் நியாயம் இருந்தது. அதன் பின்னணியில் முன்னின்று உழைத்த ஜி. பரமேசுவரன் பிள்ளைக்கு அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. கல்லூரி மாணவராக இருந்தபோதே திவானின் நிர்வாகத்தைக் குறைகூறி இதழ்களில் எழுதியதற்காகக் கல்லூரியையும் ஊரையும் விட்டுச் சென்னைக்குச் செல்ல நேர்ந்தவர் அவர். மூன்றாவதாகக் கையெழுத்திட்ட டாக்டர் பல்ப்புவுக்கு வயது 27. மருத்துவம் படித்திருந்தும் ஈழவர் என்பதால் சொந்த சமஸ்தானத்தில் வேலை மறுக்கப்பட்டு மைசூரில் பணிபுரிந்தவர். ஐந்தாண்டு கழித்து, 1896 செப்டம்பர் 3 அன்று, 13,176 பேரின் கையெழுத்தோடு ஈழவ மெமோரியலை அவர் மன்னருக்கு அளித்தார்.

இவ்விரு மனுக்களும் உடனடியாகப் பெரும்பயன் தரவில்லை. அரசின் விடைகள் ஏமாற்றம் அளிப்பவையாகவே இருந்தன. ஆயினும் இரண்டு விளைவுகள் உண்டாயின. முறையீடு எண்ணிக்கையோடும் பெயர்களோடும் ஆவணமாகப் பதிவாயிற்று. அரசு ஏதேனும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டிய நிலையும் உருவாயிற்று. சொல்லப்பட்ட காரணம் எழுத்தில் வந்துவிட்டால் அதனை அடுத்த ஆண்டு எதிர்த்துக் கேட்கலாம். ஆலோசனை அவைகளின் வலிமை முழுவதும் இந்தச் சிறிய இடத்தில்தான் இருக்கிறது.

மூவர்

நெய்யாற்றங்கரையில் அமைந்த அருவிப்புறத்தில் நாராயண குரு 1888இல் சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். அங்கே குருவின் சீடராக வந்து சேர்ந்த இளைஞர் குமாரன் ஆசான். அருவிப்புறத்தில் கோயிலை நடத்திய சிறிய சங்கமே 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக விரிந்தது. அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றபோது ஆசானுக்கு வயது 30. கவிஞராக அறியப்படும் அவர் ஆண்டறிக்கை எழுதுவதிலும், கணக்கு வைப்பதிலும், அரசுக்கு விண்ணப்பம் அனுப்புவதிலும் தம் நாட்களில் பெரும்பகுதியைச் செலவிட்டார். பின்னாளில் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்து ஈழவப் பிள்ளைகளின் பள்ளி நுழைவுக்காகப் பேசினார். அவையில் பேசும் திறம் அவருக்குச் சங்கத்தின் கோப்புகளிலிருந்து வந்தது.

இரண்டாமவர் ‘சுதேசாபிமானி’ கே. ராமகிருஷ்ண பிள்ளை. 1878 மே 25 அன்று நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். வக்கம் மௌலவி தொடங்கிய ‘சுதேசாபிமானி’ இதழின் ஆசிரியர் பொறுப்பை 1906 தொடக்கத்தில் ஏற்றபோது அவருக்கு 27 வயது. 1908இல் நெய்யாற்றின்கரையிலிருந்து பிரஜா சபைக்குச் சென்றார். ஒரு பக்கம் அவை, மறுபக்கம் இதழ். அவையில் சொல்ல முடியாததை இதழில் எழுதினார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தை அவர் விட்டுவைக்கவில்லை. 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் சமஸ்தானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். தெற்கே எல்லை தாண்டித் திருநெல்வேலிக்கு வந்து, பின்னர் சென்னை, பாலக்காடு எனச் சென்று, 1916இல் கண்ணூரில் இறந்தார். அப்போது அவருக்கு 38 வயதுகூட நிறையவில்லை. நாடுகடத்தப்பட்ட பிறகு 1912இல் அவர் எழுதி வெளியிட்டது மலையாளத்தின் முதல் கார்ல் மார்க்ஸ் வாழ்க்கை வரலாறு.

மூன்றாமவர் அய்யன்காளி. 1863 ஆகஸ்டு 28 அன்று வெங்ஙானூரில் பிறந்தவர்.  புலையர் நடக்கக்கூடாத பொதுவழியில் வில்வண்டி ஓட்டிச் சென்றபோது அவர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். 1911இல் அவரைப் பிரஜா சபைக்கு அரசு நியமித்தது. எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாத அந்த மனிதர் பட்டதாரிகளும் நிலவுடைமையாளரும் நிறைந்த அவையில் எழுந்து தம் மக்களுக்குப் புதுவல் நிலம் கேட்டார், பள்ளி கேட்டார், கட்டணச் சலுகை கேட்டார். ஒருமுறை கேட்டு ஓய்ந்துவிடவில்லை. ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் அந்த அவையில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிரஜா சபை முதலில் கூடிய அந்த ஜூபிலி மண்டபம் 2019 முதல் அய்யன்காளி மண்டபம் என்று அழைக்கப்படுகிறது. கரம் கட்டிய ரசீதும் பட்டமும் இல்லாதவராக அங்கே நுழைந்தவரின் பெயரே இன்று அதன் முகப்பில் இருக்கிறது.

ஆலோசனையின் எல்லை

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. புலையப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசாணை வந்த பின்னரும் பள்ளிக் கதவுகள் திறக்கவில்லை. 1910களில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்து அழைத்துச் சென்றார். ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தனர். அவையில் பெற்ற உறுதி, தாலுகா எல்லையைத் தாண்டி ஊருக்குள் வர மறுத்தது. ஆணைக்கும் வகுப்பறைக்கும் இடையே இருந்த அந்த மூன்று நான்கு கல் தொலைவைக் கடக்க ஒரு சிறுமி நடக்கவேண்டியிருந்தது. இன்று அந்தப் பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

ராமகிருஷ்ண பிள்ளையின் கதையும் இதே எல்லையைக் காட்டுகிறது. கேட்பதற்கு அவை அமைத்த அதே அரசு, கேட்டவரை வெளியேற்றியது. ஆலோசனை சொல்லும் உரிமை, கேட்போரின் விருப்பத்தால் வாழ்வது. விருப்பம் மாறினால் உரிமையும் மாறும். இதனை உணர்ந்த அடுத்த தலைமுறை ஆலோசனை போதாது, பொறுப்பாட்சி வேண்டும் என்று கேட்டது. 1938இல் தொடங்கிய திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசின் அடிப்படைக் கோரிக்கை அதுதான். சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த அந்த ஆண்டின் ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். கலந்தாலோசித்தல் அதில் நான்காம் படி. கேட்பார்கள், ஆனால் கேட்டபடி செய்வார்கள் என்ற உறுதி இல்லை. எனவே அதனை ஒப்புக்கான பங்கேற்பு என்ற வகையிலேயே அவர் வைத்தார். இளைஞர்கள் ஆலோசனைக் குழுக்களைக் கண்டு சலிப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. அந்தச் சலிப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏணியில் ஐந்தாம் படிக்கு ஏற நான்காம் படியில் கால் வைத்தாக வேண்டும். 1938இல் பொறுப்பாட்சி கேட்டவர்களுக்கு, 1904 முதல் பிரஜா சபையில் கேட்டுக் கிடைக்காதவற்றின் நீண்ட பட்டியல் கையில் இருந்தது. கேட்ட பதிவு இல்லாவிட்டால் மறுத்த பதிவும் இருந்திருக்காது.

எல்லை வரைந்த ஆலோசனைக் குழு

விடுதலைக்குப் பின் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் தலைவிதியை மற்றோர் ஆலோசனைக் குழு தீர்மானித்தது. 1953 டிசம்பர் 29 அன்று அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் அது. பசல் அலி, எச். என். குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் மூவரும் உறுப்பினர். நாடெங்கும் 104 ஊர்களுக்குச் சென்று ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை நேரில் கண்டனர். வந்து குவிந்த மனுக்களும் ஆவணங்களும் 1,52,250. ஆணையத்துக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் இல்லை. அறிக்கை தரும் பொறுப்பு மட்டுமே. 1955 செப்டம்பர் 30 அன்று அளிக்கப்பட்ட அந்த அறிக்கையை ஒட்டியே நாட்டின் வரைபடம் பெரும்பாலும் மாறியது.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய ஒன்பது தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோன போராட்டமும் அக்கோரிக்கைக்காகவே. இறுதியில் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. தாலுகா அளவில் கணக்கிட்டபோது அங்கே தமிழர் பெரும்பான்மையினர் அல்லர். அம்முடிவைக் குறைசொல்ல இடம் குறைவு.

ஆனால் தாலுகா அளவில் சிறிய எண், ஓர் ஊர் அளவில் பெரிய எண்ணாக இருக்கக்கூடும். களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே கோடு விழுந்தபோது ஒரே குடும்பத்தின் அண்ணன் ஒரு மாநிலத்திலும் தங்கை மற்றொரு மாநிலத்திலும் ஆயினர். அவ்வட்டாரத்துப் பேச்சு அந்தக் கோட்டை ஏற்கவில்லை. விளவங்கோட்டுத் தமிழில் மலையாளமும் பாறசாலை மலையாளத்தில் தமிழும் இன்றும் கலந்தே ஒலிக்கின்றன. மொழி எல்லை என்பது கோடன்று. பல கல் அகலமுள்ள ஒரு நிலப்பரப்பு. அப்பரப்பில் வாழ்வோர் எந்தப் பக்கம் இருந்தாலும் யாரேனும் சிலர் சிறுபான்மையினர் ஆவது தவிர்க்கவியலாதது.

பெரும்பான்மை எண்ணால் ஆட்சியைத் தீர்மானிக்க இயலாத சிறுபான்மைக்கு வாக்குச்சீட்டு ஒன்றே போதாது. நூற்றுக்கு ஐந்து பேராக இருப்பவர்கள் தேர்தலில் தனித்து வெல்வதில்லை. ஆனால் ஒரு குழுவில் ஐவருள் ஒருவராக அமர்ந்து தெளிவாகப் பேசினால் கூட்டக் குறிப்பில் இடம்பெறலாம். ஆலோசனை அவைகள் மற்றெவரையும்விட எல்லைக் கிராமங்களுக்கு இன்றியமையாதவை ஆவது இதனால்தான்.

காகிதத்தில் உள்ள உரிமைகள்

1956இன் ஏழாம் திருத்தம் அரசியல் சட்டத்தில் 350அ, 350ஆ என இரு உறுப்புகளைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யவேண்டும் என்பது முதலாவது. அவர்களுக்கான பாதுகாப்புகளை ஆராயத் தனி அலுவலர் ஒருவர் வேண்டும் என்பது இரண்டாவது. மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் பதவி 1957இல் செயலுக்கு வந்தது. பள்ளியில் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தவேண்டும் என்ற அளவுகோல் 1949இன் கல்வி அமைச்சர்கள் மாநாட்டிலிருந்தே வழக்கில் இருக்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதவும், அதே மொழியில் விடை பெறவும் வழி வகுத்தது. 2017இல் மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிய சட்டமும் மொழிச் சிறுபான்மையினருக்கெனத் தனி ஏற்பாட்டைக் கொண்டுள்ளது.

இவையெல்லாம் கேட்டால் கிடைக்கும் உரிமைகள். கேட்காவிட்டால் காகிதத்தில் உறங்குபவை. பத்துப் பிள்ளைகள் என்னும் அளவுகோலை எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஊரில் தமிழ் வகுப்பு வேண்டுவோர் ஒன்பது பேர் என்று பதிவானால் வகுப்பு இல்லை. பத்தாமவரின் பெற்றோர் வந்து கையெழுத்திடவில்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். அந்தப் பத்தாமவரைத் தேடிச் செல்வதும், படிவத்தை மலையாளத்தில் படித்துச் சொல்வதும், அதனைக் கிராம சபையில் தீர்மானமாக்குவதும் யாருடைய வேலை? வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பழகிய இருபது வயதினருக்கு இரண்டும் கைவந்தவை. அலுவலகக் கடிதத்தைப் படிக்கத் தடுமாறும் பாட்டிக்கும், தமிழ் மனுவைப் படிக்கத் தடுமாறும் எழுத்தருக்கும் நடுவே நிற்கக்கூடியவர்கள் அவர்களே.

பதினெட்டு வயதின் அவை

பிரஜா சபையின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டால் இன்றைய வாசல் வியப்பூட்டும் அளவுக்கு அகலமானது. வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது 1989இல். கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்தது 1994இல். அச்சட்டப்படி ஒரு வார்டின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். எவரும் நியமிக்க வேண்டியதில்லை, கரம் கட்டிய ரசீது வேண்டாம், பட்டமும் வேண்டாம். பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியிட 21 வயது ஆகவேண்டும். ஆகவே 18 முதல் 21 வரையுள்ள மூன்றாண்டுகளில் உள்ளாட்சியில் இளையோர் உரிமையோடு அமரும் அவை முதன்மையாக இதுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கிராம சபை கூடவேண்டும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அச்சட்டத்தில் இன்னொரு முக்கியமான ஏற்பாடும் உண்டு. கிராம சபையின் தீர்மானம் எதனையேனும் நிறைவேற்ற இயலாமற்போனால், அதற்கான காரணத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் கிராம சபையில் தெரிவிக்கவேண்டும். திவானின் அறைக்கு வெளியே நின்ற இளைஞர்கள் 1891இல் எதிர்பார்த்தது இதைத்தான். மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்லி மறுக்கவேண்டும்.

1996 ஆகஸ்டு 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. கிராம சபை, வளர்ச்சிக் கருத்தரங்கு, துறைவாரிச் செயற்குழு என்ற வரிசையில் திட்டம் உருவாகும் முறை அதிலிருந்து நிலைபெற்றது. இன்று ஒரு பஞ்சாயத்துக்குள்ளேயே எத்தனையோ குழுக்கள் இருக்கின்றன: வேளாண்மை, கல்வி, குடிநீர் எனத் துறைதோறும் செயற்குழுக்கள், மருத்துவமனை வளர்ச்சிக் குழு, பல்லுயிர் மேலாண்மைக் குழு, பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகம். தாலுகா அளவில் மாதந்தோறும் கூடும் வளர்ச்சிக் குழு உண்டு. மாநில அளவில் 2014இன் சட்டப்படி அமைந்த இளைஞர் ஆணையமும் உண்டு. இருக்கைகள் குறைவில்லை, அவற்றில் இளையோர் குறைவு.

காரணங்கள் ஊரறிந்தவை. கூட்டம் வேலைநாளில் நடக்கும். கல்லூரிக்கோ கடைக்கோ சென்றவர் வர இயலாது. அறிவிப்பு வந்துசேரும்போது கூட்டம் முடிந்திருக்கும். வந்தவரையும் ‘தம்பி, பெரியவங்க பேசட்டும்’ என்று அமர்த்திவிடுவார்கள். பயனாளிகள் பட்டியல் வாசிப்பதோடு கூட்டம் முடிந்தால், வீடோ ஆடோ கேட்காதவருக்கு அங்கே வேலையில்லை என்று தோன்றும். கட்சிக்காரர் அல்லாதவரை எந்தக் குழுவுக்கும் எடுக்கமாட்டார்கள் என்ற பேச்சும் உண்டு. பல இடங்களில் அது வெறும் பேச்சன்று. இளைஞர் வரவில்லை என்று குறைப்படுவோர் இவற்றை மாற்றும் பொறுப்பு தங்களுடையது என்பதையும் நினைக்கவேண்டும்.

மாற்றவியலாதவை அல்ல இவை. ஐரோப்பிய மன்றம் 1972 முதல் தன் இளைஞர் துறையை அரசுப் பேராளர்களும் இளைஞர் அமைப்புகளும் இணைந்தே நடத்தும் முறையை வைத்திருக்கிறது. அதன் இளைஞர் ஆலோசனைக் குழுவின் முப்பது பேர், அரசுகளின் பேராளர்களோடு சமமாக அமர்ந்து நிகழ்ச்சித் திட்டத்தையும் நிதி ஒதுக்கீட்டையும் முடிவுசெய்கின்றனர். கேரளத்துக்கும் இது புதிதன்று. பாலசங்கத்தின் மாநிலத் தலைவராக இருந்த ஆர்யா ராஜேந்திரன் 2020 டிசம்பரில் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரானார். குழந்தைப் பருவத்திலேயே கூட்டம் நடத்தவும், தீர்மானம் எழுதவும், மாற்றுக் கருத்தைக் கேட்கவும் பழகியவருக்கு அவை அச்சம் தருவதில்லை. கட்சி சார்ந்த ஓர் அமைப்பு தரும் அப்பயிற்சியை ஊர் வாசகசாலையும் கல்லூரியும் கட்சி சாராமல் தர இயலும்.

செய்யத்தக்கவை சிறியவை. கூட்டத்துக்குச் செல்லுமுன் முந்தைய கூட்டத்தின் குறிப்பைப் படித்துவிடலாம். கிடைக்கவில்லையெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். மூன்று பேராகச் செல்லலாம். ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் ஊராரை அழைத்துவர. ஒரு கூட்டத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் வைத்து, அது தீர்மான ஏட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். அடுத்த கூட்டத்தில் ‘சென்ற தீர்மானம் என்னவாயிற்று’ என்ற ஒரே கேள்வியோடு எழலாம். அய்யன்காளி இருபதாண்டு செய்ததன் சாரம் இவ்வளவுதான்: கேட்டதை மறக்காதிருத்தல்.

‘பிரஜா’ என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் பிள்ளைகள், சந்ததி. அதிலிருந்தே குடிகள் என்ற பொருள் வந்தது. தமிழில் ‘மக்கள்’ என்ற சொல்லும் அவ்வாறே. பெற்ற பிள்ளைகளும் மக்கள், நாட்டோரும் மக்கள். பிள்ளைகளின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு சபை, பட்டம் பெற்றுப் பத்தாண்டு ஆகவில்லை என்று பிள்ளைகளை வெளியே நிறுத்தியது 1905இன் முரண். இன்று விதி மாறிவிட்டது, பழக்கம்தான் மாறவில்லை.

பாறசாலையிலோ காரோட்டிலோ செங்கலிலோ இன்று 18 வயது நிறையும் ஒருவர், அடுத்த பத்தாண்டில் நாற்பது கிராம சபைகளில் அமரலாம். அன்றைய பட்டதாரி சும்மா காத்திருந்த அதே பத்தாண்டு. நாற்பது கூட்டங்களின் குறிப்பேடுகளில் ஒரே பெயர் தொடர்ந்து இடம்பெற்றால், 28 வயதில் அந்த வார்டின் குடிநீர்க் குழாயும், வகுப்பறையும், தமிழில் எழுதிய மனுவும் எங்கே நின்றன, யார் நிறுத்தினார், என்ன காரணம் சொன்னார் என்பதை அந்த ஊரில் அவரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இருக்கமாட்டார். அப்போது ஆலோசனை கேட்க அவர்கள்தாம் அவரிடம் வரவேண்டியிருக்கும்.